ஈப்போவில் இறங்காத பார்வதம்

வண்டி நிற்பதற்கு முன்னாலேயே கோதண்டத்தின் கர்சீப் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஆவடி ஸ்டேஷனில் காலை வண்டி நுழையும்போது, நான்காக மடித்த கட்டம் போட்ட கர்சீப்பை ஜன்னல் கம்பிக்கு நடுவே சுண்டி எறிவார். அது எங்கும் முட்டாமல் ஜன்னலோரத்து இடத்தில் விழும். பிறகு நிதானமாக ஏறிப் போய், அதையே எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். யாரும் சண்டைக்கு வந்ததில்லை. இருபத்து மூன்று வருஷத்துக் கை அது.

பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்தால் அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் செய்கிற ஒரு கம்பெனி. அங்கே அவர் செட்டர். மெஷினில் அளவு வைத்துக் கொடுப்பது அவர், ஓட்டுவது மற்றவர்கள். முதல் பீஸ் கழன்று வந்ததும் அவர் கைக்குப் போகவேண்டும். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அளப்பார், நகத்தால் சுரண்டுவார். அவர் தலையாட்டினால்தான் அடுத்த பீஸ். "மொத பீஸ ஓட்டிப் பாக்காம மொத்த லாட்டும் போட்டன்னு வெச்சிக்கோ, அத்தினியும் குப்பைக்குத்தான்" என்பார். வீட்டிலும் அதே கதைதான். புதுச் செருப்பு வாங்கினால் அதைப் போட்டுக்கொண்டு வீடு இருக்கிற சேக்காடு முழுக்க ஒரு சுற்று வந்த பிறகுதான் பழசைத் தூக்கிப் போடுவார்.

வாட்சை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டுவார். டீயைச் சாசரில் ஊற்றி, அது ஆறி ஆடை படிந்த பிறகே குடிப்பார். அவசரம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "இன்னா, பஸ்ஸா புடிக்கப் போறோம்" என்பது அவர் வாயில் நாளைக்கு நாலு தடவை வரும்.

சாயந்தரம் கைகால் கழுவியதும், கிழித்த மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவார். இரும்பு ஸ்கேல், காதில் பென்சில், பக்கத்தில் ஒரு மெல்லிய புத்தகம். அது மலேசியா ரயில் டைம் டேபிள். ஸ்டேஷன் பக்கத்தில் குடை ரிப்பேர் செய்கிற சுலைமான் கொடுத்தது. சுலைமானின் தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பது ஈப்போவில். தங்கையைப் பார்க்கப் போனவர் திரும்பும்போது கொண்டுவந்தார்.

மனைவி பார்வதம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் ராணியைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் மிச்சம் இரண்டே பேர். மனுஷனுக்குப் பொழுது போகவேண்டாமா. "சீட்டாடற புருஷனுக்கு இது தேவல" என்று பக்கத்து வீட்டு நாகம்மாவிடம் சொல்வாள்.

"பட்டர்வொர்த்துல ஏர்றோம். ஈப்போவுல ரெண்டு நாளு. மத்தியானம் தூக்கம். சாயந்தரம் டீ. அப்புறம் கோலாலம்பூரு, அங்க மூணு நாளு. கடைசியா சிங்கப்பூரு" என்று பென்சிலை ஓட்டுவார் கோதண்டம்.

"ஃபாரின் போயி மத்தியானம் தூங்குவாங்களா?"

"ஏன், அங்க இன்னா பஸ்ஸா புடிக்கப் போறோம்?"

ஏறுகிறோம் என்றால் யார் யார் என்று அவள் கேட்கவில்லை. ஆறு மாதம் கேட்கவே இல்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள். நாகம்மாவுக்குக் காட்டுவதற்காக ராணியின் கல்யாண ஆல்பத்தைப் பிரித்தாள் பார்வதம். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் நிற்கிற படம். ஓரத்தில் பட்டுப்புடவை இருந்தது, மாலை இருந்தது. மாலைக்கு மேலே சதுரமாக ஓர் ஓட்டை.

"இன்னாக்கா, உன் தலைய காணோம்" என்றாள் நாகம்மா.

பார்வதத்துக்குச் செய்வினையோ என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது. கோதண்டம் வந்ததும் ஆல்பத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஸ்கேல் வெச்சுதாம்மே வெட்னேன். ஒரு நூலு பிசகல, பாரு."

பரண் மேலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். உள்ளே பாஸ்போர்ட் விண்ணப்பம் இரண்டு. ஒன்றில் அவர் முகம். இன்னொன்றில், கல்யாணத்தன்று அழுது வீங்கின கண்ணோடு, இவள் முகம். எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கையெழுத்துப் போடுகிற கட்டம் மட்டும் காலி.

பார்வதம் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "என்னிய ஒரு வார்த்த கேட்டியாய்யா?"

"கேட்டா வேணாம்ப."

"இப்பவும் வேணாம். திருவள்ளூரத் தாண்டாதவ நானு. என்னியப் போயி கடலத் தாண்டச் சொல்ற."

"சுலைமானோட ஈப்போ மச்சான் லெட்டர் போட்டுகிறாரு. பொங்கல் கழிச்சி வரச் சொல்றாரு. இந்த மாசம் ஃபாரம் போனாதான் ஆவும்."

"நீ போய்ட்டு வா. நா ராணி ஊட்ல கீறேன்."

அவர் சாசரை எடுத்தார், குடிக்காமலே வைத்தார். உறை மறுபடி பரணுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளும் அசைந்து கொடுக்கவில்லை.

அந்த மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில், "திருவள்ளூர் பெருமாளப் பாத்துட்டு வரலாமா" என்றார். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பூ வைத்துக் கிளம்பினாள். திருவள்ளூருக்குப் போக எதற்குப் பெரிய ஏர்பேக், எதற்குக் குடை, எதற்கு இரண்டு துண்டு? கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றார்.

ஆவடி பிளாட்பாரத்தில் வழக்கம்போல் பிரிந்தார்கள். அவள் லேடீஸ் பெட்டி வந்து நிற்கிற இடத்துக்கு, அவர் கர்சீப்போடு முன்பக்கம். கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாக இப்படித்தான். யாரும் சட்டம் போட்டதில்லை. கூட்டத்தில் ஆம்பிளைகளிடம் இடிபட வேண்டாம் என்று ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. அவரவர் பெட்டியில் ஏறி, இறங்குகிற ஊரில் கடிகாரத்துக்குக் கீழே சந்தித்துக்கொள்வார்கள்.

திருநின்றவூரில் நின்ற வண்டி மறுபடி நகர்ந்தது. பார்வதம் சும்மா வெளியே பார்த்தாள். பிளாட்பாரத்தில் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தார். தோளில் ஏர்பேக். மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து பக்கத்தில் பார்த்தார், பின்னால் பார்த்தார். ஜன்னல் அவரைத் தாண்டிப் போய்விட்டது.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "அய்யோ, அவரு எறங்கிட்டாரு."

"யாரு, உங்க ஊட்டுக்காரரா?" என்றாள் எதிரே இருந்த பூக்காரி. "சொல்லிக்காமயா எறங்கிட்டாரு? சண்டையா?"

"பெரிய பையி வேற எடுத்துகினு வந்தாரு."

"பையோடவா?" பூக்காரி யோசித்தாள். "சோத்த யாரு வெச்சிருக்காங்க?"

"அதுவும் அவராண்டதான்."

"அப்ப கொஞ்சம் கஷ்டந்தான்."

வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர். எதுவும் அவள் கண்ணில் படவில்லை. இறங்கித் திரும்பிப் போகலாமென்றால் இரண்டு டிக்கெட்டும் அவர் சட்டைப் பையில். பரணில் கிடக்கிற உறையும், பத்து நாளாக அவர் அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தன. நீ போய்ட்டு வா என்று சொன்னோமே, அந்த மனுஷன் போய்விட்டாரா? திருவள்ளூரில் இறங்கி, கடிகாரத்துக்குக் கீழே, டிக்கெட் பரிசோதகர் பக்கமே திரும்பாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்து இறங்கினார் கோதண்டம். அவர் அவசரப்பட்டு அவள் பார்த்தது அன்றைக்குத்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் கசங்கிய காலண்டர் தாள்.

"இன்னாய்யா பண்ண?"

"ஈப்போ" என்றார், மூச்சு வாங்க.

"இன்னாது?"

"திருநின்றவூருதான் ஈப்போ. ஆவடி பட்டர்வொர்த்து. இது கோலாலம்பூரு. மொத பீஸ் ஓட்டிப் பாத்தேம்மே. உன் முட்டி எத்தினி படி தாங்குது, பைய தூக்கிகினு எறங்க எத்தினி நிமிஷம் ஆவுதுன்னு. எல்லாம் சரியா வந்துச்சின்னா உன்னாண்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"எறங்கணும்னு என்னாண்ட சொன்னாதானே எறங்குவேன்?"

"பக்கத்துலதான கீற, கைய புடிச்சி எறக்கிக்கலாம்னு நெனச்சேன். எறங்கித் திரும்பிப் பாத்தா நீ இல்ல. அப்பாலதான் ஒறச்சிது, நீ லேடீஸ்ல கீறன்னு."

"நா என்னிக்கி உன் பக்கத்துல இருந்தேன்?"

அவர் தாளைப் பிரித்து அவளிடம் நீட்டினார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒட்டி ஒட்டி இரண்டு கட்டம், ஸ்கேல் வைத்துப் போட்டது. ஜன்னல் பக்கத்துக் கட்டத்தில் 'பா' என்று எழுதியிருந்தது. எல்லா வண்டியிலும் 'பா'.

"அங்க லேடீஸ் பெட்டி கெடையாது பார்வதம். சுலைமான ரெண்டு வாட்டி கேட்டுட்டேன். ஆறு மாசமா நீ பக்கத்துலதான் ஒக்காந்துகினு வர. அந்த நெனப்புலயே எறங்கிட்டேன்."

பார்வதத்துக்கு இது ஓட்டை விழுந்த படத்தைவிடப் பெரிய அதிர்ச்சி. தாளை வாங்கி, 'பா' எழுதியிருந்த கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில், "ஜன்னல் எனக்கா?" என்றாள்.

"நா தெனம் பாக்கறதுதானே."

பெருமாளைப் பார்த்தார்கள். குளத்துப் படியில் புளிச்சோறு சாப்பிட்டார்கள். "மொத பீஸு தேறிச்சா?" என்று கேட்டாள். "ரிஜெக்ட்டு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சாயந்தரம் திரும்புகிற வண்டிக்கு நல்ல கூட்டம். லேடீஸ் பெட்டி நிற்கிற இடத்தைத் தாண்டி அவர் பின்னாலேயே வந்தாள் பார்வதம்.

"உன் பொட்டி அங்க நிக்கும்மே."

"தெரியும்."

வண்டி உள்ளே வந்தது. கோதண்டம் கர்சீப்பைச் சுண்டினார். எப்போதும்போல் ஜன்னலோரத்து இடத்தில் விழுந்தது. பக்கத்து இடத்துக்கு ஒருவர் துண்டை உருவிக்கொண்டு ஓடிவந்தார். பார்வதம், புருஷன் சட்டைப் பையிலிருந்த காலண்டர் தாளை வெடுக்கென்று பிடுங்கினாள். ஜன்னல் கம்பிக்குள் கையை முழங்கைவரை நுழைத்து, வளையல் கம்பியில் இடிக்க, அதைப் பக்கத்து இடத்தில் எறிந்தாள்.

ஏறிப் போன கோதண்டம் இரண்டையும் பார்த்தார். பிறகு தாளை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்தார். கர்சீப்பை இந்தப் பக்கம் போட்டு, முகத்தைக்கூடத் துடைக்காமல், அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.