கண்ணாடிக் கட்டடத்துச் சாம்பிராணி

தூபக்காலை ஊதி ஊதிக் கண் சிவந்துபோயிருக்கும் பொன்னியம்மாவுக்கு. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் இரண்டு மாடிக்கும் சாம்பிராணி காட்டி முடித்தாக வேண்டும். மேஜைகளுக்கு ஒரு சுற்று, மேனேஜர் வீரராகவன் அறைக்கு இரண்டு சுற்று. டெலிபோன் ஆபரேட்டர் கஸ்தூரியின் அறைக்கு மட்டும் கணக்கே கிடையாது. "ஏழு மாசம் ரொம்பிப்போச்சு. எவ கண்ணு பட்டுதோ, தலவலி உடமாட்டேங்குது" என்று தணலில் இன்னொரு பிடி போடுவாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தொண்ணூற்றேழில் எழும்பிய புது ஆபீஸ் அது. சுற்றிலும் கண்ணாடி, ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற கட்டடம் என்று வெளிநாட்டுக்காரர்களிடம் பசுமைச் சான்றிதழ் வாங்க முதலாளி துடித்துக்கொண்டிருந்தார். கூட்டிப் பெருக்கும் பொன்னியம்மாவுக்கு அது 'கண்ணாடி ஊடு'. திருமுல்லைவாயிலிலிருந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவாள். வந்ததும் புடவைமேல் மகனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வாள். "வெளியில கத்திரி கொளுத்துது, உள்ள மார்கழி. இன்னா ஊடுப்பா இது!"

யாருக்குக் குளிர்கிறது, யாருக்குப் புழுங்குகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கணக்குப் பிரிவு உலகநாதன் தன் தலைக்கு மேலிருக்கும் ஏ.சி. துவாரத்தில் காலண்டர் அட்டையைச் சொருகி வைத்திருந்தார். மூன்று மணி ஆனால் பாதிப் பேர் கொட்டாவிதான். ஆனால் 'காற்று, வெளிச்சம், குளிர்ச்சி எல்லாம் திருப்தியா?' என்று அந்தச் சான்றிதழுக்காகப் படிவம் வந்ததே, அன்றைக்குப் பார்க்க வேண்டும்! உலகநாதன் மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டு 'முழுத் திருப்தி'யில் டிக் அடித்தார். படிவத்தில் பெயர் எழுத இடம் விட்டிருந்தார்கள். வேறென்ன செய்வார் மனுஷன்! அறுபத்திரண்டு பேரில் 'மூச்சு முட்டுகிறது' என்று எழுதியவள் கஸ்தூரி ஒருத்திதான்.

வீரராகவன் அவளைக் கூப்பிட்டார். "ஊரே நல்லா இருக்குன்னு சொல்லுது. உனக்கு மட்டும் என்னம்மா நோவு?" திங்கட்கிழமை சாயந்திரத்துக்குள் வேறு படிவம் எழுதித் தர வேண்டும்; முடியாதென்றால் ராஜினாமா. "இல்லாததை எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்து கஸ்தூரி அழுத அழுகையைப் பொன்னியம்மாவால் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை கஸ்தூரியின் அறையைத் திறந்தவள் திடுக்கிட்டு நின்றாள். சனிக்கிழமை முழுக்க ஏ.சி. ஓடியிருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி அப்போதுதான் போட்ட மாதிரி நெடி அடித்தது. ஏ.சி. மெக்கானிக் சம்பத்தைக் கையோடு இழுத்து வந்தாள்.

"சம்பத்து, போட்ட பொக எங்கியும் போவலடா. இன்னா கீது இந்த ஊட்டுல?"

மோந்து பார்த்த சம்பத்தின் முகம் மாறிவிட்டது. விறுவிறுவென்று மொட்டைமாடிக்கு ஏறினான். இவளும் பின்னாலேயே போனாள். வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற தகரக் கூண்டின் வாயில் ஒரு கோணிப்பை இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருந்தது.

"எந்த மவராசன் பண்ண வேல இது? உள்ள கீறவன் உட்ட மூச்சயே திருப்பித் திருப்பி இஸ்துகினு கீறான். இதுல நீ வேற அந்தப் பொண்ணு ரூம்ல பொகயக் கொட்டிக்கினு கீற!"

பொன்னியம்மா கோணியின் முனையைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கோணியை அவளுக்குத் தெரியும். பொங்கல் கழிந்த சமயம், பக்கத்தில் இரும்பு வார்க்கும் பவுண்டரியின் கரி மேஜை மேஜையாக வந்து படிந்தது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துபோய், கரி எந்த வழியாக வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து, வயலில் மடையை அடைக்கிற மாதிரி அவளேதான் ஏறி அடைத்தாள். மறுநாளே கரி நின்றது. "ஆபீஸ் பளிங்கு மாதிரி இருக்கே!" என்று வீரராகவன்கூடப் பாராட்டினார். அந்தப் பாராட்டை அவள் நாலு மாதமாகத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தாளே!

"அய்யோ, புள்ளத்தாச்சி கழுத்த நானே நெரிச்சிக்கினு இருந்தேனே" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

சம்பத்துக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. கோணியைப் பிடுங்கி ஓரமாக எறிந்தான். "கம்முனு கெட யக்கா. இனிமே காத்து வரும், அவ்ளோதான். வாயத் தொறந்தா ஒன் வேல பூடும்."

"அப்ப கஸ்தூரி எய்தப்போற கடுதாசி?"

அவன் ஸ்பேனரைத் துடைத்தான். பொன்னியம்மா ஓரத்தில் கிடந்த கோணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

வீரராகவன் மேஜையில் அறுபத்தோரு படிவங்கள் அடுக்கித் தயாராக இருந்தன. எதிரே, ராஜினாமாக் கடிதத்துக்கு எடுத்த வெள்ளைத் தாளைப் பார்த்தபடி கஸ்தூரி பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பொன்னியம்மா கதவைத் தட்டாமல் அந்த அறைக்குள் போனது அன்றுதான் முதல் தடவை.

"அந்தப் பொண்ணு எய்துனது நெசம் சார். காத்து வர வழிய நான்தான் அடச்சேன்."

கரி உதிரும் கோணியைப் படிவங்களின் மேல் போட்டாள். பிறகு குனிந்து, கஸ்தூரியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பேனாவை எடுத்துக்கொண்டாள்.