கண்ணாடிக் கடையில் ஒரு 'டக்'

கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் யாரும் எதையும் அழுத்த மாட்டார்கள். கதவைச் சாத்துவதுகூட, தூங்கும் குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவது போலத்தான். சுவரில் சாய்த்த கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வளர்ந்த மகளுக்கு, நடை வருவதற்கு முன்பே அந்தக் கை வந்துவிட்டது. அப்பாவிடம் அவள் வாங்கிய ஒரே பாராட்டு, "அவ கை பரவாயில்ல" என்பது. அதையும் அம்மாவிடம்தான் சொன்னார்.

இப்போது கடையின் படங்களையெல்லாம் அவள்தான் கம்ப்யூட்டரில் வரைகிறாள். நூலக வாசலுக்கு வண்ணக் கண்ணாடியில் ஒரு மரம், கிளை கொள்ளாமல் பறவைகள். இதுவரை கடைக்கு வந்ததிலேயே பெரிய வேலை. பறவைகள் கூடக்கூட கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் படத்தைத் திறக்கவே மறுத்தது. கூடுதலாக ஒரு ரேம், நினைவகப் பட்டை, போட்டால் சரியாகும் என்றாள்.

"ரிப்பேர் கடையில குடுத்துடு. உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார், கடையின் வண்டியை ஓட்டும் சித்தப்பா.

"நானே போட்டுக்கறேன், சித்தப்பா."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

காலையில் கடை திறந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கண்ணாடித் தூசு. பழைய ரேமையும் எடுத்துத் துடைத்து, புதியதோடு சேர்த்துப் பொருத்தினாள். இரு முனையிலும் இருந்த கொக்கிகளை நகத்தால் மெல்லச் சாத்தினாள். பிளக்கைச் செருகிப் பட்டனைத் தொட்டாள். விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. உள்ளிருந்து பீப், பீப், பீப்.

"என்ன சின்ன முதலாளி, பெட்டி அழுவுது?" என்றார் சித்தப்பா.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மதியம் நூலக மேலாளர் வருகிறார். படத்தைப் பார்த்துப் பிடித்தால்தான் வேலை. இல்லாவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவேன் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார். படம் இருப்பதோ இந்தப் பெட்டிக்குள். அதைவிட, அப்பா போனில் அவரிடம், "எங்க வீட்டுப் பிள்ளைதான் வரையுது" என்று சொன்னதை அவள் காதாலேயே கேட்டிருந்தாள்.

புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்துப் பார்த்தாள். பீப். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்தாள். அதே பீப்.

"மதர்போர்டே போயிருக்கும். துடைக்கிறேன்னு துடைச்சே எடுத்துட்டா, அண்ணே."

"நீ கொஞ்சம் வாயை மூடுறியா?" என்றார் அப்பா. ஆனால் அவர் பார்வையும் கடிகாரத்தில்தான் இருந்தது.

மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ரேமை எடுக்க விரல் வைத்தாள். கொக்கியைத் திறக்கும் முன்பே அது கையோடு வந்துவிட்டது. அவள் அப்படியே நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"என்னம்மா?"

"உள்ளயே போகலப்பா. கண்ணாடியை வைக்கிற மாதிரி மேலாக்க வச்சிருக்கேன். கொக்கியை நான் சாத்தக் கூடாது, அதுவா சாத்திக்கணும். அழுத்தணும்."

"எவ்ளோ?"

"நல்லாவே."

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அண்ணே, நீங்க வேணா வெளிய போய் நில்லுங்க" என்றார் சித்தப்பா.

அவள் ரேமை மறுபடி அதன் பள்ளத்தில் நிறுத்தி, இரண்டு கட்டைவிரலையும் இரு முனையில் வைத்தாள். வாழ்நாளில் எதன்மேலும் காட்டாத பலத்தைக் காட்டினாள். போர்டு லேசாக வளைந்தது. இன்னும் அழுத்தினாள்.

டக்.

அந்தக் கடையில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். அப்பா பதறித் திரும்பி, தகடுகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் தடவினார். எதிலும் விரிசல் இல்லை. கொக்கிகள் தாமாக மூடியிருந்தன. இரண்டாவது ரேமுக்கு அவள் யோசிக்கவே இல்லை. டக்.

பிளக்கைச் செருகிப் பட்டனை அழுத்தினாள். ஒரே ஒரு பீப்.

"மறுபடியும் அழுவுதே!"

"இல்ல சித்தப்பா, இது நல்ல சத்தம்."

திரை வெளுத்தது. படம் தடங்கலில்லாமல் திறந்தது. மரத்தில் ஒரு பறவைகூடக் குறையவில்லை. சித்தப்பா குனிந்து பார்த்து, "நம்ம கடையில அழுத்தி ஒண்ணு சரியானது இதான் முதல் தடவை" என்றார்.

வாசலில் நூலக மேலாளரின் கார் வந்து நின்றது. அவள் அவசரமாகப் பெட்டியின் மூடியை எடுத்தாள். அப்பா அவள் கையிலிருந்து அதை வாங்கி, மேசைக்கு அடியில் வைத்தார்.

"இருக்கட்டும்மா, மூடாத. அவர் கொஞ்சம் பாக்கட்டும்."