கரட்டு மேல் பருந்து எண்ணுகிறோம்

பறக்கிறதை எல்லாம் எண்ணக் கூடாது, நம்மைத் தாண்டிப் போகிறதை மட்டும்தான் எண்ண வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம்.

கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் ஊரை ஒட்டி ஒரு சின்னக் குன்று நிற்கிறது, கரடு என்போம். பாறையும் முள்ளுமாக இருக்கும், ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர யாரும் ஏற மாட்டார்கள். மாசி, பங்குனியில் தெற்கே குளிர்காலத்தைக் கழித்த பருந்து, கழுகு, வல்லூறு எல்லாம் வடக்கே திரும்பும். அதை எண்ணுவதற்கு ஒரு பறவை ஆராய்ச்சிக் குழு இரண்டு பேரை வேலைக்குப் போட்டது. ஒன்று நான். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படிப்பு, நாலு வயசுப் பெண்ணுக்கு அம்மா. இன்னொன்று நூர்ஜஹான் அக்கா. கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர். ஒருத்தர் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும், ஒருத்தர் எழுத வேண்டும்.

எங்களுக்கு மேலே இருக்கிற திவாகர் சார் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். இந்தப் பருவத்தில் இந்தக் கரட்டு மேலே பெரிய கூட்டம் எதுவும் போகவில்லை என்றால், அடுத்த வருசம் வேறு மலைக்கு மாற்றிவிடுவார்களாம். அந்த மலைக்குப் போக எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். நான் திரும்பி வருவதற்குள் பால்வாடி பூட்டி, ஆயாவும் வீட்டுக்குப் போயிருப்பார். மலை மாறினால் என் வேலையும் போயிற்று என்று அர்த்தம். குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இந்தக் கரட்டை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிக்கொண்டேன்.

கோழிப்பண்ணைக் கூட்டம்

வெயில் ஏறினால் பாறை சூடாகிக் காற்று மேலே எழும்பும். பறவைகள் இறக்கையை அடிக்காமல் அந்தக் காற்றிலேயே வட்டம் போட்டு ஏறும். உச்சிக்குப் போனதும் வடக்கே பார்த்து அப்படியே சறுக்கிக்கொண்டு போகும். சுற்றும்போது எண்ணினால் ஒரே பறவையை நாலு தடவை எண்ணிவிடுவோம். அதனால் செல்போன் டவருக்கும் ஒரு ஒற்றைப் பனைக்கும் நடுவில் மனசுக்குள் ஒரு கோடு போட்டிருக்கிறோம். அதைத் தாண்டினால்தான் கணக்கு.

முதல் வாரமே ஒரு பெரிய கூட்டம் கோட்டைத் தாண்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணுவதற்குக் கொடுத்திருந்த கிளிக்கரை அமுக்கி அமுக்கி எண்ணினேன். மறுநாள் அதே நேரத்துக்கு அதே கூட்டம் மறுபடியும் தாண்டியது. மூன்றாம் நாளும் தாண்டவே சந்தேகம் வந்து, பறவைகள் போன திக்கிலேயே கீழே இறங்கி நடந்தேன். பனைக்கு அந்தப் பக்கம் ஒரு பிராய்லர் பண்ணை. கழிவைக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே என் கூட்டம் மொத்தமும் சுற்றிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரரிடம் இதெல்லாம் எந்த ஊர்ப் பருந்து என்று கேட்டேன்.

"இதுங்களா? வருசம் பூரா நம்ம குழிதானுங்க இதுகளுக்குச் சாப்பாடு. தொரத்துனாலும் போகாதுங்க அம்மணி, வடக்க எங்க போகப்போகுது?"

நோன்பும் தயிர்சாதமும்

நோன்பு மாசம் வந்தது. அந்த வெயிலில் நூர்ஜஹான் அக்கா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் டப்பாவைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மத்தியானம் ஆனதும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பாறைக்குப் பின்னால் போய், நாலு வாயில் தயிர்சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வருவேன்.

நாலைந்து நாள் பார்த்தார். அன்றைக்கு நான் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"நீ சாப்பிட்டா என் நோன்பு ஒண்ணும் முறியாதும்மா. ஆனா நீ ஒளிஞ்சு ஒளிஞ்சு திங்கிற நேரத்துல ரெண்டு பூனைப்பருந்து போயிருச்சு. நாளையிலிருந்து இங்கயே உக்காந்து மேல பாத்துட்டே சாப்பிடு."

கல்யாண ஆல்பம்

கல்யாணத்துக்கு முன்னாடியே போட்டோ எடுக்கிற பழக்கம் இப்போது கரடு வரைக்கும் ஏறிவிட்டது. பொண்ணு, மாப்பிள்ளை, கேமராக்காரர், கூடவே ஒரு ட்ரோன். அது எழும்பிய வேகத்துக்கு, தெற்கேயிருந்து அழகாக வந்துகொண்டிருந்த கழுகு ஒன்று கோட்டைத் தாண்டாமலே திரும்பிப் போய்விட்டது. ட்ரோனை இறக்கச் சொல்லி மரியாதையாகக் கேட்டேன். "பத்தே நிமிசமுங்க" என்றார்கள். அந்தப் பத்து நிமிசம் முடிகிற மாதிரித் தெரியவில்லை.

நான் சண்டை போடவில்லை. என் தொப்பியோடும் பைனாகுலரோடும் போய் மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர்கள் நகர்ந்தால் நானும் நகர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையே கேமராக்காரரிடம் சொன்னார்:

"அண்ணா, ட்ரோனை இறக்கிப்போடுங்க. இப்படியே போனா ஆல்பம் பூரா இந்த அக்காதான் இருப்பாங்க."

மேக்காத்து

அந்த வருசம் பாலக்காட்டுக் காற்று பங்குனி பிறந்ததுமே முந்திக்கொண்டு வந்துவிட்டது. மேற்கேயிருந்து அடிக்கிற அடியில் பறவைகள் கிழக்கே ஒதுங்கி, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தன. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து ஒன்றுமில்லை என்று எழுதிய நாட்கள் நிறைய. ஒன்றுமில்லை என்று எழுதவும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கடை திறந்து ஈ ஓட்டியவர்களுக்கு அந்த வலி தெரியும்.

ஒருநாள் திவாகர் சார் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து தாள்களைப் புரட்டினார். காற்று மாறினால் நிச்சயம் வரும், கடைசி நாள் வரைக்கும் உட்காருகிறோம் என்று நான் சொன்னேன். அவர் கெட்ட மனுசன் இல்லை. ஆனாலும் சொன்னார்:

"பங்குனி முடியிற வரைக்கும் உக்காருங்க. அதுக்கப்புறமும் தாள் இப்படியே இருந்தா, உங்களுக்காக ஆபீஸ்ல என்னால பேச முடியாதுங்க."

வேட்டு

பங்குனிக் கடைசியில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிசேகம் வந்தது. கரட்டு அடிவாரத்தில்தான் கோயில். ஊரே அங்கே நிற்கும்போது நான் மட்டும் பருந்து எண்ணப் போவதா என்று மாமியாருக்குக் கோபம். முந்தின நாள் சாயங்காலமே தீர்த்தக்குடம் எடுத்துப்போட்டு, காலையில் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கரடு ஏறினேன். ஏறும்போதே தெரிந்தது. காற்று அடங்கியிருந்தது.

கோபுரத்தின் மேல் ஐயர் கலசத் தண்ணீரோடு தயாராக நின்றார். கருடன் வந்து வட்டம் போட்டால்தான் ஊற்றுவார்கள். கீழே அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், கருடனைக் காணோம். கோயில் கமிட்டித் தலைவர் பொன்னுசாமி மாமா எனக்குப் போன் போட்டார். "அம்மணி, உங்ககிட்டத்தான் பெரிய கண்ணாடி இருக்குதே. எங்கியாச்சும் தென்படுதுங்களா?"

தெற்கே பார்த்தேன். முதலில் புள்ளிப்புள்ளியாக இருந்தது. அப்புறம் சங்கிலி மாதிரி நீண்டது. தேன்பருந்து. ஒன்றன்பின் ஒன்றாக வந்து, நேராகக் கோபுரத்துக்கு மேலே வட்டம் போட ஆரம்பித்தன. மைக்கில் "ஓம் சக்தி" என்றார்கள், கலசத் தண்ணீர் ஊற்றியாயிற்று. பறவைகள் இன்னும் ஏறிக்கொண்டேதான் இருந்தன. ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை.

அப்போதுதான் எனக்கு வேட்டு ஞாபகம் வந்தது. தண்ணீர் ஊற்றியதும் வேட்டுப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் கலைந்தால் நாலா பக்கமும் ஓடிவிடும், அடுத்த வருசமும் அதோடு ஓடிவிடும். என்னால் கண்ணை எடுக்க முடியாது. நூர்ஜஹான் அக்கா என் போனை வாங்கிப் பொன்னுசாமி மாமாவைக் கூப்பிட்டு, "அண்ணா, வேட்டைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்க, மேல இருக்கிறது போய் முடியட்டும்" என்றார்.

போன் ஸ்பீக்கரில் மாமாவின் பதில் எனக்கே கேட்டது. "கருடன் தலைக்கு மேல நிக்கயில எவனுங்க வேட்டு வெப்பான்? கடைசி கருடன் போனதும் நீங்களே சொல்லுங்க, அப்புறம் பத்த வெக்கறோம்."

மைக்செட்டும் நின்றது. ஊர் மொத்தமும் கையைக் கூப்பிக்கொண்டு காத்திருந்தது. உச்சியில் முதல் பறவை இறக்கையை விரித்து வடக்கே சறுக்கியது. அதன் பின்னால் வரிசையாக எல்லாம் சறுக்கின. கட்டைவிரல் மரத்துப்போகும் வரைக்கும் அமுக்கினேன். கடைசிப் பருந்து பனையைத் தாண்டியதும் தலையை ஆட்டினேன். அக்கா போனில், "போயிருச்சுங்கண்ணா" என்றார். கரடே அதிர்கிற மாதிரி வேட்டு வெடித்தது.

சாயங்காலம் கணக்கைக் கேட்டுவிட்டுத் திவாகர் சார் போனில் பேசினார். அடுத்த மாசிக்கும் இதே கரடுதான் என்றார். வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேலே சுற்றியது கருடன் இல்லை, வேறு ஜாதிப் பருந்து என்பதையும் சொல்லிவிட்டேன். பிரசாதத்தை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"நீ எண்ணுனது பூராச் சரியாத்தான் இருக்கும் கண்ணு. அதுல ஒண்ணு கூடக் கருடன் இல்லீன்னு மட்டும் வெளிய சொல்லிப்போடாத."

ஆக, பருந்துகள் அவை பாட்டுக்கு வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டன. மூக்குத் தோல் உரிந்து, கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, அடுத்த மாசி எப்போது வருமென்று கேட்டுக்கொண்டிருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.