குடம் கொத்திய கல்

கல்லில் சிலை கொத்தும் மயிலாடியில் பஸ் நின்றால் உளிச்சத்தமும் ஏறிக்கொள்ளும். டிக்கெட் வாங்காத அந்தப் பயணி நேற்று என்னை எட்டு வயதில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா முதல் உலக யுத்தத்துக்குப் போய், துருக்கியரோடு சண்டை நடந்த பசராவில் இறந்தார். அவர் வாளால் நூறு துருக்கியரை வெட்டியதாகப் பள்ளியில் சொல்லிவைத்திருந்தேன். நான் கட்டிய கதைகளில் யாரும் குறை சொல்லாதது அது ஒன்றுதான்.

யுத்தத்தில் இறந்த சபையாரின் பெயர்களைக் கல்லில் வெட்டிக் கோயில் சுவரில் பதிக்க ஏற்பாடாயிற்று. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வாள். ஆராதனை முடிவில் போதகர் பட்டியலை வாசித்தார். அப்பா பெயர் வந்ததும் சபை மூப்பர், "அவன் எங்க சண்டை போட்டான்?" என்றார்.

அம்மா எழுந்தாள். "அவிய ஆரையும் கொல்லல்ல, போதகரே. தண்ணி சொமக்கத்தான் போனாவ. அடிபட்டுக் கெடந்தவனுக்குத் தண்ணி குடுக்கப் போனப்பதான் குண்டு பட்டுது. அந்தப் பேருக்கு எடமில்லியா?"

பக்கத்திலிருந்த சிநேகிதன் என்னை இடித்தான். "ஏலே, அப்பம் அந்த நூறு பேரு?"

போதகர் நற்கருணைக் கிண்ணத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு கல் வெட்ட வந்திருந்த மயிலாடிக் கல்லாசாரியிடம், "இவரு பேருக்கு வாள் வேண்டாம். ஒரு குடம் கொத்தும்" என்றார்.

ஜெபத்தில் கண்ணை மூடினேன். நான் கொன்ற நூறு துருக்கியரும் வரிசையாக நின்றார்கள். முகம் தெரியாத அப்பா ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் நானும் கையேந்தி நின்றேன். என் முறை வருவதற்குள் ஆமென் சொல்லிவிட்டார்கள்.

நேற்றும் பஸ்ஸில் கண்ணை மூடி அந்த வரிசையில் நின்றுபார்த்தேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.