இன்ஜினுக்கு உடைத்த தேங்காய்

பொள்ளாச்சிப் பாதையில் இன்று புது ரயில் விட்டார்கள். எங்கள் ஸ்டேஷனில் இன்ஜினுக்குப் போட்ட செவ்வந்தி மாலை வெயிலில் வதங்கி வாசமடித்ததும் எனக்கு அத்தையின் ஞாபகம் வந்துவிட்டது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. தாலியறுத்தபின் எங்கள் வீட்டோடு இருந்தாள். பொள்ளாச்சிச் சந்தையில் தக்காளி விற்றுவிட்டுக் கரி இன்ஜின் ரயிலில் திரும்புவாள். எங்கள் தோட்டத்து மேட்டில் வண்டி மூச்சுவாங்கி, நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து திரும்ப நடக்கச் சலித்த பெண்கள் அங்கேயே கூடையை எறிந்துவிட்டுக் குதித்துவிடுவார்கள்.

முதல் டீசல் இன்ஜின் வந்த காலையில் செவ்வந்தி மாலையும் தேங்காயுமாக ஊரே ஸ்டேஷனில் நின்றது. அத்தையும் ஆசையாக முன்னால் வந்தாள்.

"அக்கா, நீ அக்கட்டால போய் நில்லு. நல்ல காரியம் நடக்குதில்ல" என்றார் அப்பா. அவள் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்று சாயங்காலம் சந்தையிலிருந்து அதே டீசல் வண்டியில் திரும்பினாள். டீசலுக்கு மேடு ஒரு பொருட்டே இல்லை, வேகம் குறையவில்லை. கூடையை எறிந்த கை, பழக்கத்தில் பிடியையும் விட்டுவிட்டது. கூடை வேலியோரம் பத்திரமாக விழுந்தது. அத்தையின் வலது கால் சக்கரத்தோடு போயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று அப்பா சொன்னார்: "மொத நாளே அபசகுனம் பண்ணிப்போட்டியேக்கா."

"நான் அக்கட்டாலதான சாமி நின்னேன்" என்றாள்.

அதன்பிறகு மாட்டுக்கொட்டகையிலேயே கிடந்து செத்தாள்.

அம்மா போன வருடம் இறந்துபோனாள். இன்று அப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்து இன்ஜின் முன்னால் வைத்தார்கள். "பெரியவரு கையால ஒடச்சாத்தானுங்க நல்லாருக்கும்" என்று தேங்காயைக் கொடுத்தார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரை யாரும் அக்கட்டால போகச் சொல்லவில்லை.

தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனமாம்.