பரீதாவோடு முடியாத வாக்குவாதம்

கார் து நோர் நிலையத்தில் திரான்சிக்குப் போகும் ரயிலுக்காகக் காத்து நின்றபோது ராசன் அண்ணையின் அழைப்பு வந்தது. "தங்கச்சி, பரீதா மோசம் போயிட்டா. உயிர் போயிட்டுதெண்டு ஆஸ்பத்திரியில இருந்து அவவின்ர மகள் எடுத்துச் சொன்னவ." ரயில் வந்தது, கதவுகள் திறந்து மூடின, போய்விட்டது. நான் ஏறவில்லை.

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் ராசன் அண்ணையின் தையல் கடைக்குப் போனவர்களுக்குப் பரீதாவைத் தெரிந்திருக்கும். எங்கள் சேலைச் சட்டைகளை அளவெடுத்து வெட்டிய ஈரானியப் பெண். அவர் வெட்டியதை நான் தைத்தேன். அவருக்குத் தெரிந்த தமிழ் ஆமோதிக்கும் 'ஓம்' ஒன்றுதான். மற்றதெல்லாம் எங்களோடு பிரெஞ்சில் பேசுவார்.

வன்னியில் இறுதிப் போரில் சனம் செத்துக்கொண்டிருந்த 2009 இல் கடையைப் பூட்டிவிட்டு ஊர்வலத்துக்குப் போனோம். பரீதாவும் வந்தார். சனத்தை ஏற்ற மேற்கு நாடுகளின் கப்பல் வரும், வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். திரும்பும் வழியில்தான் அவர் வாய் திறந்தார். "வரமாட்டார்கள். வந்தாலும் உனக்காக வரமாட்டார்கள்." என் அக்கா அப்போது வன்னியில் பங்கர்க் குழிக்குள் இருந்தாள். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று நடுத்தெருவில் கத்தினேன். கப்பலும் வரவில்லை, அக்காவும் வரவில்லை. நெடுநாள் அவர் முகத்தைப் பார்க்காமலே தைத்தேன்.

அந்தக் கோடையில் டெஹ்ரான் தெருக்களில் அரசை எதிர்த்து ஊர்வலம் போன பிள்ளைகள் அடிவாங்கினார்கள். அவர்களில் பரீதாவின் அக்கா பெற்ற பெறாமகளும் ஒருத்தி. கால்சட்டை தைக்கக் கொடுத்திருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், "பக்கத்து ஈராக்கில் செய்தது போல உங்கள் அரசையும் மேற்கு நாடுகள் வந்து துரத்திவிட்டால் நல்லதுதானே?" என்று அன்பாகத்தான் கேட்டார். பரீதாவின் கத்தரி நின்றது. "ஈராக்கின் சர்வாதிகாரி விழுந்த அன்று என் அம்மா தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தார். மறுநாள் எல்லைக்கு அப்பால் அந்நிய டாங்கிகளைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அடுத்தது நாங்கள்தான் என்றார். எங்களை அடிப்பவர்களோடு நாங்கள் மோதிக்கொள்கிறோம். நீங்கள் விமானம் அனுப்பினால், அவர்களுக்குப் பின்னால்தான் நாங்கள் நிற்க வேண்டிவரும்."

சில ஆண்டுகள் கழித்து யூசுப் எங்கள் கடைக்கு இஸ்திரி போடும் வேலைக்கு வந்தார். ஈராக்கில் மோசூல் நகரத்தவர் என்று தெரிந்ததும் பரீதா தன் மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஈரானில் பரீதாவின் ஊரான தெஸ்பூல் நகரத்தில், எண்பதுகளின் ஈரான்-ஈராக் போரில், ஈராக்கிய ராக்கெட் அவர்கள் வீட்டில் விழுந்து தங்கையைக் கொன்றிருந்தது. மாதக்கணக்கில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு தீவிரவாதிகள் பிடித்து வைத்திருந்த மோசூலில் மேற்கு நாடுகளின் விமானங்கள் குண்டு போட்டன. ஒரு காலை வானொலி அதைச் சொல்லிக்கொண்டிருக்க, ராசன் அண்ணை, "அந்தக் கழுத்தறுக்கிற கூட்டத்துக்கு நல்லா அடிக்கட்டும்" என்றார். துணி கருகும் மணம் வந்தது. யூசுப்பின் கை இஸ்திரிப்பெட்டியில் அப்படியே உறைந்திருந்தது. முந்தின நாளிலிருந்து மோசூலில் இருந்த அவருடைய தாய் தொலைபேசியை எடுக்கவில்லை.

பரீதா எழுந்து வானொலியை நிறுத்தினார். யூசுப்பின் கையிலிருந்த இஸ்திரிப்பெட்டியை வாங்கிக்கொண்டு, "வெளியே போய் அம்மாவுக்குத் திரும்ப அழைப்பு எடு. அவர் பேசும்வரை எடு" என்றார். பகல் முழுவதும் அவருடைய வேலையையும் தானே செய்தார்.

மாலையில் தாய் தொலைபேசியில் கிடைத்தார். நிலவறையில் இருந்தாராம். யூசுப் அழுதுகொண்டே கைபேசியைப் பரீதாவிடம் நீட்டினார். அவர் தனக்குத் தெரிந்த கொஞ்ச அரபியில் தன் ஊர்ப் பெயரைச் சொன்னார். கைபேசியை வைத்த பிறகு, "யூசுப்பின் அம்மா என்ன கேட்டார்?" என்றேன்.

"'எங்கள் ராக்கெட் உங்கள் வீட்டிலும் விழுந்ததா?' என்று கேட்டார். விழுந்தது என்றேன். மன்னிப்புக் கேட்டார்."

மறுநாள் மேசை பழையபடி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோதும் சண்டை பிடித்தோம். "ஒரு கப்பல் வந்திருந்தால் அக்கா உயிரோடு இருந்திருப்பாள்" என்றேன். "வந்த கப்பல் திரும்பிப் போயிருக்காது, உங்கள் மண்ணிலேயே நின்றிருக்கும்" என்றார். அவர் சொன்னது சரியென்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் செய்தியில் எந்த நாட்டின் விமானம் கிளம்பினாலும், எனக்குள் இரண்டு பெண்கள் வாதாடத் தொடங்கிவிடுகிறார்கள். இனி அவருக்காகவும் நான்தான் பேச வேண்டும்.