ஒரு சோடி கைமேசு

1938 பெப்ரவரி 12, சனிக்கிழமை. காலையில் அப்பா கிணற்று நீரை அள்ளி ஊற்ற, நான் குளித்தேன். பழஞ்சோறு தின்றோம். பிறகு அப்பா எனக்குத் தலை பின்னிவிட்டார். வழக்கம்போல் பின்னல் இடப்பக்கம் கோணியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சத்தம் வேலிக்கு அப்பால் கேட்டது. அம்மா போனபின் அவர்கள் எங்கள் வளவுக்கு வருவதில்லை.

அம்மா வாவி நடுவே ஒரு தீவில், குட்டநோய் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஏழு வயதான எனக்கு அந்த நோயின் பெயரை எவரும் சொல்லவில்லை. கையில் புண், தொடக்கூடாது என்று மட்டும் சொன்னார்கள். போவதற்கு முன்னும் பல மாதங்கள் அம்மா என் தலையைத் தொடவில்லை. ஆகவே, "அம்மாக்குக் கைமேசு தைக்கப் போறன், வாறியா?" என்று அப்பா கேட்டதும் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். கையை மூடினால் தொடலாம். தொடலாமென்றால் வீட்டுக்கு வரலாம்.

தையல் வேலை செய்த பறங்கிப் பெண்ணை ஊரே நோனா என்றுதான் அழைக்கும். அப்பா கேட்டதும் அவர் சிரித்தார்.

"கைமேசா! மேசு எங்கட ஆக்கள்ற சொல்லு, ஐயா. போத்துக்கீசர் காலுல மாட்டிக்கொண்டு கப்பல்ல வந்தது. நீங்க அதத் தூக்கிக் கையில ஏத்திட்டீங்க. நாங்க லூவா எண்டுதான் சொல்லுவம்."

"எங்கட வாத்தியார் கையுறை எண்டு சொல்லித் தந்தவர்" என்றேன்.

"இந்த வெயிலுக்க அவர் போட்டுக்கொண்டா வாறவர்?"

அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து நெடுநாளாகியிருந்தது. கந்தோர் வேலைக்குப் போட்டுப்போகும் தன் வெள்ளை மேசுகள் இரண்டையும் பையிலிருந்து எடுத்து வைத்தார்.

"இதையே வெட்டித் தைச்சிருங்க. மெதுவா இருக்கும்."

"அப்ப மெய்யாவே கைக்கு மேசுதான்!" நோனா என் கையைக் கடதாசியில் விரித்துவைத்துப் பென்சிலால் சுற்றி வரையத் தொடங்கினார். "தாய்ர விரல் இதவிட எவ்வளவு நீளம்?"

அப்பா தையல் மெசினைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "விரல் தைக்கத் தேவையில்ல, நோனா. பை மாதிரி விட்டாப் போதும்."

பென்சில் என் நடுவிரல் நுனியில் நின்றது. பிறகு நோனா பகிடி எதுவும் விடவில்லை. மேசுகளைக் குட்டையாக வெட்டி, ஓரம் மடித்து, மணிக்கட்டில் கட்ட நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

வாவிக்கரை வழியே திரும்பும்போது நான் அழுதேன். "விரல் இல்லாம எப்பிடிப்பா தலை பின்னுற? நோனா ஏமாத்திட்டா."

"நோனா சரியாத்தான் தைச்சிருக்கா, புள்ள."

அதை நான் நம்பவில்லை. சோம்பலில் விரல்களை விட்டுவிட்டார் என்று, அதன்பின் பல ஆண்டுகள் நோனாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மறுநாள் அப்பா அம்மாவைப் பார்க்கத் தோணிக்குப் புறப்பட இருந்தார். விழித்ததும் முதல் வேலையாக, பொதியிலிருந்த கைமேசுகளை எடுத்து மாட்டினேன். உள்ளே விரல்களை மடக்கிக்கொண்டு தலையை வாரிப் பார்த்தேன். இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தால் சீப்பு நின்றது. அம்மாவால் வார முடியும். பின்னுவதை மட்டும் அப்பா செய்யட்டும் என்று முடிவு செய்துகொண்டு, கைமேசுகளை முன்பிருந்தபடியே மடித்து வைத்தேன்.